வழுக்கையாற்றோடு இரண்டு நாள்

சனி, விடியற்புறம்

தெல்லிப்பழையில் பஸ் என்னை இறக்கிவிட்டுப் போனபோது இருள் இன்னும் கலையவில்லை. பொங்கலுக்கு நாலு நாள் கிடக்கிறது. துர்க்கையம்மன் கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்து நின்றது. பையில் தண்ணீர்ப் போத்தல், வாழையிலையில் கட்டிய பிட்டு, அவித்த பனங்கிழங்கு நாலு, இந்தக் கொப்பி.

வழுக்கையாறு தொடங்குகிற இடம் என்று ஒன்றை விரல் நீட்டிக் காட்ட முடியாது. வழுக்கியாறு என்றும் சொல்வார்கள். தெல்லிப்பழைக்கும் அளவெட்டிக்கும் இடைப்பட்ட தோட்டவெளிகளில் மாரி மழை தேங்கி, பள்ளம் பார்த்துச் சரிந்து, ஒரு வாய்க்காலாகத் திரளுகிறது. அங்கிருந்து தென்மேற்காகக் கந்தரோடை, சங்குவேலி, சண்டிலிப்பாய், கட்டுடை, நவாலி என்று ஊரூராகத் தொட்டுக்கொண்டு போய் அராலியில் கடலேரியோடு சேரும். நீளம் சுமார் 16 கிலோமீட்டர். தொண்டைமானாறும் உப்பாறும் பெயரில் ஆறுகள். உண்மையில் அவை உள்ளே நீண்ட கடலின் கைகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைத்தண்ணீர் கொண்டு ஓடுவது இது ஒன்றுதான். அதுவும் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும். பங்குனியில் வந்தால் ஆற்றின் நடுவில் மாடு கட்டியிருப்பார்கள்.

நான் சண்டிலிப்பாயில் பிறந்தவள். இந்த ஆற்றைப் பாலத்தில் நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதனோடு கூட ஒரு நாளும் நடந்ததில்லை.

கொஞ்சம் வெளிச்சம் வந்தபின்

செம்மண் தெரியத் தொடங்கியது. வெங்காயத் தாறு, மரவள்ளி, அங்கங்கே புகையிலைக் கன்று. ஒரு தோட்டத்தின் ஓரமாகத் தேங்கி நின்ற தண்ணீரில் வேப்பிலை ஒன்று மிதந்தது. நிற்கிறது என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருக்க, அது ஒரு சாண் நகர்ந்து புல்லில் தட்டுப்பட்டு, விலகி, திரும்பவும் நகர்ந்தது. அந்த இலை போன பக்கம் நானும் போனேன்.

அண்ணா காட்டிய பாதை

போன ஆடியில் அண்ணாவிடம் போயிருந்தேன். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறார். ஒரு சனி ஞாயிறு என்னைச் சவுத் டவுன்ஸ் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரைக்கும் 160 கிலோமீட்டர் போகிற நீள்நடைப் பாதை அது. நாங்கள் நடந்தது கடைசித் துண்டை மட்டும். அல்பிரிஸ்டன் என்ற சின்ன ஊரில் இராத் தங்கி, மறுநாள் செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைப் பாறைக் கரைகள் வழியாகக் கடலைப் பார்த்தபடி நடந்தோம்.

நடந்த இடமெல்லாம் காலில் வெள்ளை ஒட்டியது. அண்ணா குனிந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "எங்கட ஊர்க் கல்லுக்கு இது ஒண்டுவிட்ட சகோதரம்" என்றார். உண்மைதான். அவர்களுடையது டைனோசர் காலத்துச் சீமைச்சுண்ணாம்பு. எங்களுடையது அதற்குப் பல கோடி ஆண்டு பிந்திய மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். இரண்டும் கடலடியில் செத்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியவை. இரண்டிலும் மழை மேலே தங்காது, கீழே இறங்கிவிடும். அந்த மேட்டில் ஆடு மேய்த்தவர்கள் களிமண் மெழுகிக் குட்டை கட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள். நாங்கள் கேணியும் குளமும் வெட்டினோம். பாறையை உடைத்துக் கிணறு இறக்கினோம். யாழ்ப்பாணத்துக் கிணற்றின் நல்ல தண்ணீர் கடலின் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு ஏடுபோல் மிதக்கிறது. மழை ஏமாற்றினாலும் அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் கீழே இருக்கிற உப்பு மேலே வரும்.

இறங்கி வந்தபின் லூயிஸ் என்ற ஊரில் தேநீர் குடித்தோம். அந்த ஊருக்குள் வின்டர்போர்ன் என்று ஒரு ஓடை இருக்கிறது. மாரிகாலத்தில் சுண்ணாம்பு மேடு நிறைந்து, நிலத்தடி நீர் ஏறி வரும்போது மட்டும் ஓடுகிற ஓடைகளுக்கு அந்த நாட்டில் பொதுப்பெயரே அதுதான். நாங்கள் போனது கோடை. ஓடை காய்ந்து கிடந்தது. பக்கத்துச் சுவரில் கையை ஊன்றி அந்த வெறும் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டுடையில் பங்குனி மாதத்து வழுக்கையாறு கண்ணுக்குள் வந்தது. "அண்ணா, எங்கட ஆறு எங்க தொடங்குது?" என்று கேட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து நூறு வருசத்துக்குக் கிட்ட வாழ்ந்திருக்கிறோம்.

இருபது ஆண்டு

அந்தப் பாதைகளைப் பற்றி அண்ணா சொன்னதில் ஒன்று என்னைவிட்டுப் போகவில்லை. ஒருவருடைய வயலுக்குள்ளாலேயே பாதை போகும். வேலி குறுக்கிட்டால் ஏறிக் கடக்க மரப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சொல்லில் கடப்பு. வழி தப்பாமல் இருக்கக் கம்பங்களில் ஓக் விதை ஒன்றின் படம். 1949-இல் வந்த சட்டம் நடைபாதைகளையெல்லாம் ஊர்ப்படத்தில் குறித்து வைக்கச் சொன்னது. ஒரு வழியில் சனம் இருபது ஆண்டு தடையில்லாமல், ஒளிக்காமல், ஒருவரிடமும் கேட்காமல் நடந்து வந்திருந்தால் அது பொதுப்பாதை என்றே சட்டம் கொள்ளும். காணிக்காரர் தான் அப்படிக் கொடுக்கவில்லை என்று காட்டினாலொழிய அந்த உரிமை போகாது.

இன்று காலை அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். தெல்லிப்பழைக்கு வடக்கே மாவிட்டபுரம், கீரிமலை, காங்கேசன்துறை என்று கிடக்கும் நிலத்திலிருந்து 1990-இல் சனம் எழும்பினது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். போர் முடிந்த 2009-க்குப் பிறகுதான் துண்டு துண்டாகத் திறந்தார்கள். இருபது ஆண்டும் அதற்கு மேலும் ஒரு காலும் படாத ஒழுங்கைகள் அவை. திரும்பி வந்தவர்கள் தங்கள் வளவை மரத்தையும் கிணற்றையும் வைத்துத்தான் அடையாளம் பிடித்தார்கள். கதியால் மரமாகி, மரம் காடாகி, வேலி எது ஒழுங்கை எது என்று தெரியாமல் போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன வழியைத் தேடி ஒரு முழு நாள் கத்தியோடு நின்றதாக என்னோடு படிப்பிக்கிற ஒருவர் சொல்லியிருக்கிறார். அங்கே இருபது ஆண்டு நடந்தால் பாதை பிறக்கிறது. இங்கே இருபது ஆண்டு நடக்கவிடாமல் வைத்ததில் பாதை செத்தது. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

அளவெட்டி

வாய்க்கால் இப்போது வாய்க்காலாகவே தெரிகிறது. இரண்டு பக்கமும் வரம்பு, நாயுண்ணி, எருக்கலை. பார்த்தீனியத்தின் வெள்ளைப் பூ எல்லா இடத்திலும். ஒழுங்கை வாசலில் கூட்டிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் ஈர்க்குமாறை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, ஆற்றை வீட்டை போறியள்?"

யாருடைய வீட்டுக்கு என்று கேட்கிறார். எங்கள் பேச்சில் அது 'ஆற்றை'. காலையிலிருந்து ஆற்றையே நினைத்துக்கொண்டு வந்த எனக்கு அந்தச் சொல் வேறு விதமாக விழுந்தது.

"ஆற்றோடதான் ஆச்சி. அராலி மட்டும் நடக்கப்போறன்."

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை. சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ?" என்று என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு கதலிப்பழம் கொண்டுவந்து தந்தார். "வெயிலுக்கு முதல் போங்கோ" என்றார்.

எங்கள் ஊரில் காரணமில்லாமல் நடந்தவர்கள் சாமிகள்தான். யோகர் சுவாமி குடாநாட்டின் ஒழுங்கைகளை எல்லாம் நடந்து திரிந்தவர். கதிர்காமத்துக்கும் கால்நடையாகவே போனவர். மற்றவர்களுக்கு நடையென்றால் நேர்த்தி. செல்வச்சந்நிதியில் புறப்பட்டுக் கிழக்குக் கரையோரமாக முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு தாண்டி, உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கி, கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருகிற யாத்திரை இன்றைக்கும் நடக்கிறது. வாரக்கணக்கான நடை. அம்மம்மாவின் தாய் போய் வந்தவர். அவர் திரும்பி வந்தபோது வாசலில் வைத்துக் கால் கழுவி விட்டதாக அம்மம்மா சொல்லுவா. அந்தத் தண்ணீரைப் பூமரத்துக்கு ஊற்றினார்களாம்.

அளவெட்டியில் நடை என்று எழுதும்போது இன்னொன்றும் வருகிறது. நாதஸ்வரம் என். கே. பத்மநாதனின் ஊர் இது. மேளத்துக்குப் பேர்போன ஊரில் தவிலுக்கும் நடை என்றுதான் சொல்லுவார்கள்: சதுஸ்ர நடை, திஸ்ர நடை. கொஞ்ச நேரம் என் கால் என்ன நடையில் போகிறது என்று கேட்டுக்கொண்டு போனேன். நாலாகத்தான் விழுந்தது. வரம்பு உடைந்த இடத்தில் மூன்றாக மாறி, திரும்ப நாலுக்கு வந்தது.

கந்தரோடை, வெயில் ஏறின பின்

பனைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் தூபிகள். சில இடுப்பளவு, சில ஆள் உயரத்துக்கும் மேல். எல்லாம் இந்த நிலத்துக் கல். 1917-இல் போல் பீரிஸ் இங்கே கவனமெடுத்துத் தேடினார். 1970-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து தோண்டினார்கள். கறுப்பு சிவப்பு மட்கலங்கள் வந்தன. இலட்சுமி நாணயங்களும் உரோம நாணயங்களும் இந்த ஊரில் கிடைத்திருக்கின்றன. எத்தனையோ நூற்றாண்டாக ஆட்கள் இருந்த இடம், கடலை விட்டு இவ்வளவு உள்ளே. பழைய நாளில் ஆறு அகலமாக இருந்திருந்தால், அராலிப் பக்கமிருந்து தோணி வந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்தத் தூபிகள் யாருடையவை என்ற சண்டை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் அதைக் கேட்டே வளர்ந்தேன். தமிழர் பௌத்தராக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை எங்கள் பக்கத்திலும் சிங்களவர் பக்கத்திலும் வாயால் சொல்லத் தயங்குகிறோம். இன்று நிழலில் இருந்து பிட்டைச் சாப்பிட்டேன். தூபியின் நிழலும் பனையின் நிழலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன.

குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது. கரையில் கொக்குகள். ஆறு இந்தக் குளங்களுக்குள் புகுந்து வெளியேறித்தான் போகிறது. அவசரப்படாத ஆறு.

சங்குவேலிக்கு வரும் வழியில்

சுமைதாங்கி ஒன்று, பாதி மண்ணுக்குள். தலைச்சுமையை இறக்கி வைக்க மார்பளவு உயரத்தில் கட்டுவது. பிள்ளை வயிற்றிலிருக்கச் செத்துப்போன பெண்ணின் பேரில்தான் வைப்பார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, வழியில் போகிற யாரோ தங்கள் சுமையை இறக்கி ஆறட்டும் என்று. இதில் பெயர் தெரியவில்லை. என் பையை அதன் மேல் வைத்தேன். சும்மா கிடந்த கல் கொஞ்சம் சூடாக இருந்தது.

சனி, இரவு, வீடு

ஆறு எங்கள் ஊரால் போவதால் இராத் தங்க வேறு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைத்தா.

"கந்தரோடை மட்டும் நடந்ததுக்கோ இந்தக் கால்?" என்றா. பிறகு, "தென்மராட்சிக்கு நடந்த அண்டைக்கு உனக்குப் பதினொரு வயது. ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்றா.

அம்மா இதைத் தானாகப் பேசுவது குறைவு. 1995 ஒக்டோபர் 30 பின்னேரம். ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்களெல்லாம் அடங்கிய வலிகாமம் முழுவதும் வெளிக்கிட வேண்டும், இன்றைக்கே. மழை. ஐந்து இலட்சத்துக்குக் கிட்டிய சனம், போக இரண்டு வழி: நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் கைதடிப் பக்கத்தாலும். அப்பாவின் சைக்கிளில் அம்மம்மா. உருட்டத்தான் முடிந்தது. ஒரு அடி வைத்தால் ஒரு நாழிகை நிற்க வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் பாதை. நான் புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன், சேறு படக்கூடாதென்று. பாலத்தடியில் ஒன்று கையை விட்டுப் போய்விட்டது. குனிய இடமில்லை.

அன்று காலை அம்மா அடுத்த நாள் தோசைக்கு முழு உழுந்து ஊறப்போட்டிருந்தா. கொட்ட மனம் வரவில்லை. தண்ணீரை வடித்து மூடிப்பேணிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டா. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் மூன்றாம் நாள் பேணியைத் திறக்க, உழுந்தெல்லாம் முளைவிட்டிருந்தது. அதை அவித்துப் பக்கத்துப் பாயில் இருந்தவர்களுக்கும் கொடுத்தா.

"மணந்தது," என்றா அம்மா. "ஆனா ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

அடுத்த சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். அதன்பின் இங்கே எங்கள் வீட்டில் யாரும் நெடுந்தூரம் நடந்ததில்லை. மூன்று கட்டைக்கும் பஸ். அப்பா சாகும்வரை சைக்கிளை ஏறி ஓடினாரே தவிர, ஒரு நாளும் உருட்டவில்லை. இதை இன்று எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஞாயிறு, காலை

கல்வளைப் பிள்ளையாரில் கற்பூரம் கொளுத்திவிட்டு இறங்கினேன். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய பிள்ளையார். அந்தாதி என்பதும் ஒரு பாட்டின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்ததில் காலை வைப்பதுதான்.

கட்டுடை வெளியில் நெல் பழுக்கத் தொடங்கியிருக்கிறது. இங்கே ஆறு வாய்க்கால் வடிவை விட்டுவிட்டு வயலோடு வயலாகப் பரந்துவிடுகிறது. வரம்பில் வழுக்கி ஒரு தரம் முழங்காலளவு தண்ணீருக்குள் போனேன். குளிர். பெயர்க்காரணத்தைக் கால் அறிந்துகொண்டது. தண்ணீர் தெளிந்து நின்றது; சின்ன மீன்கள் என் விரலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுப் போயின. வைகாசியில் வெடித்துக் கிடக்கிற இந்த நிலத்துக்குள் இந்த மீன்கள் எங்கே இருந்தன? நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

நவாலி

சோமசுந்தரப் புலவரின் ஊர். ஆடிப்பிறப்புக்குக் கூழையும் கொழுக்கட்டையையும் பாடி எங்கள் எல்லோருக்கும் தாத்தாவாக இருந்தவர். ஒவ்வொரு வருசமும் நான் அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அதே ஆடி தொடங்க ஒரு கிழமை இருக்க, 1995 யூலை 9-ஆம் திகதி, வலிகாமத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து ஓடிவந்த சனம் இங்கே சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்துச் சின்னக்கதிர்காமக் கோயிலடியிலும் களைத்துப்போய் இருந்தார்கள். விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்களும் அன்று நடந்து வந்தவர்கள்தான். என்னைப்போல் இந்த வயல்வெளியைக் கடந்து, எங்கள் ஊர்ப் பாலத்தால். ஆற்றங்கரையை விட்டு றோட்டுக்கு ஏறித் தேவாலய வாசலில் நின்றேன். ஞாயிற்றுப் பூசை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்னவள் என் சேற்றுக் காலைப் பார்த்துத் தாயிடம் ஏதோ சொன்னாள். தாய் வந்து, "பைப் அந்தப் பக்கம் இருக்கு, கழுவிக்கொண்டு போங்கோ" என்றார்.

கழுவினேன். திரும்பவும் ஆற்றுக்குத்தான் இறங்க வேண்டும் என்று தெரிந்தும் கழுவினேன்.

அராலி, பின்னேரம்

தாழை, பிறகு உவர்ப்புல், பிறகு திறந்த வெளி. பனைகள் பின்னால் போய்விட்டன. கடலேரி தகடாகக் கிடக்கிறது. ஆறு வந்து சேருகிற வாயில் தடுப்பணை. கடல் ஏறி வயலுக்குள் வராமலும், மாரித் தண்ணீர் ஒரேயடியாக ஓடிக் கடலில் விழாமல் நிலத்துக்குள் இறங்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கவும் கட்டியது. இங்கே நிற்கிற நாள்கணக்குத்தான் சித்திரையில் சுற்றியுள்ள கிணறுகளின் ருசி.

வீச்சுவலையோடு ஒருவர் நின்றார். என்னைக் கண்டதும் அவரும் கேட்டார், எங்க போறியள் என்று.

"தெல்லிப்பழையில இருந்து ஆற்றோட வந்தனான் அண்ணை."

வலையைத் தோளில் மாற்றிப் போட்டார். "நடந்தோ? பாதை கிடக்கோ?"

"இல்லை. சில இடத்தில வரம்பு. சில இடத்தில ஒண்டுமில்லை."

"நாங்கள் சின்னனில கந்தரோடை மட்டும் போவம், மீன் பிடிக்க. ஆத்தங்கரையால ஒரு ஒற்றையடி கிடந்தது." கையை நீட்டி வடக்கே காட்டினார். நான் வந்த பக்கம்தான். "இந்தக் கரை இல்லை. மற்றக் கரை."

மற்றக் கரையைப் பார்த்தேன். புல்லுக்குள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாரிக்கு அந்தப் பக்கத்தால் வர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அணையின் இந்தப் பக்கம் கையைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். அந்தப் பக்கமும். பிறகு இருட்டுவதற்குள் பஸ்ஸுக்கு நடந்தேன்.

வீட்டில் அம்மா விறாந்தையில் இருந்தா. "ஆறு ஓடுதோ?" என்று கேட்டா.

"ஓடுது அம்மா. அணை மட்டும் தண்ணி நிக்குது."

தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன். அடுப்பங்கரையில், நாளைத் தோசைக்கு உழுந்து ஊறப்போட்டுத் தட்டால் மூடியிருந்தா.